சொந்த ஊரில் லாட்ஜ் எடுத்த செவ்வாய்க்கிழமை

1

தருமபுரியில் பிறந்து, தருமபுரியிலேயே பள்ளிக்கூடமும் காலேஜும் முடித்து, அதே தருமபுரியில் லாட்ஜ் எடுத்துத் தங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். போன சித்திரையில் ஒரு பகல் முழுக்க, ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரி மாதிரி கையில் தண்ணீர் பாட்டிலோடு சொந்த ஊர் வெயிலில் நடந்தேன். ஏன் நடந்தேன் என்று இங்கே ஹாமில்டனில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் நியூசிலாந்துக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. ஹாமில்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஷிப்ட். பெரியவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வந்தால் மத்தியானம் ஆகிவிடும். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு தருமபுரியில் எனக்கென்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். பென்னாகரம் ரோட்டில் விதைக்கடை வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் போன் செய்வார். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

“அங்க மழ பேயுதா?”

“பேயுதுண்ணா.”

“அங்க பேஞ்சு என்ன பிரயோசனம். இந்தா, அண்ணிகிட்டப் பேசு.”

அண்ணன் பொங்கல் கழிந்த வாரத்தில் இறந்துபோனார். கடையில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

அந்த நேரம் பார்த்து என் நிலைமை திரிசங்கு. அதற்கு முந்தின மாதம்தான் நியூசிலாந்துக் குடியுரிமை வாங்கியிருந்தேன். இந்திய பாஸ்போர்ட்டை மூலை வெட்டி ரத்து செய்து கையில் கொடுத்துவிட்டார்கள். புது பாஸ்போர்ட் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போக விசா வேண்டும். விசா இல்லாமல் போய்வர வெளிநாட்டு இந்தியருக்குத் தருகிற அட்டைக்கு விண்ணப்பித்திருந்தேன், அது வந்தபாடில்லை. அவசர விசாவுக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போட்டோவின் அளவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அங்கே அண்ணனை எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்க முடியாது என்று ஆன பிறகு, அட்டை வரட்டும், லீவு கிடைக்கட்டும் என்று சித்திரைக்குத் தள்ளிவிட்டோம்.

டிக்கெட் எடுக்கும்போது லீவைப் பார்த்தேன், மகன் ஆதியின் பரீட்சையைப் பார்த்தேன். கிழமையைப் பார்க்கவில்லை. பெங்களூரு விமான நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்து, ஓசூர் வழியாகப் போகிற பஸ் பிடித்து, காவேரிப்பட்டணம் தாண்டியதும் மல்லிகாக்காவுக்குப் போன் செய்தேன். அவள் பெரியம்மா மகள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் குரலுக்குப் பின்னால் ஏலச் சத்தம் கேட்டது.

“நேரா அண்ணி வூட்டுக்குப் போறேன்க்கா” என்றேன்.

“போவியா? இன்னிக்கி என்ன கெழமன்னு தெரியுமாடி ஒனக்கு?”

தெரியவில்லை. விமானத்தில் ஒரு நாள் கூடிக் குறைந்திருந்தது.

“செவ்வாக்கெழம. செவ்வா வெள்ளியில எவளாச்சும் துக்கம் கேக்கப் போவாளா? துக்கம் தொடர்ந்துக்கும்பாங்க. ஏற்கெனவே ஒங்கண்ணி ஒம்மேல என்ன நெனப்புல இருக்கறாளோ.”

“அப்ப இன்னிக்கி ஒங்கூட்டுக்கு வந்துட்டு நாளைக்கிப் போறேன்.”

“அதெப்பிடி? கூடப் பொறந்தவன் சாவுக்குப் போவாம நேரா இங்க வந்து சோறு தின்னான்னு பேச்சு வராதா? மருமவ வேற மாசமா இருக்கறா. நாளைக்கி அங்க போயிட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு, அப்பறமா வா கண்ணு.”

ஆக, துக்க வீட்டுக்கு இன்று போகக்கூடாது. அங்கே போகாமல் வேறு யார் வீட்டுக்கும் போகக்கூடாது. ஊர் நெடுக சொந்தக்காரர்கள் இருந்தும், பையை இறக்கி வைக்க ஒரு வாசல் கிடையாது. “நான் லாட்ஜ்ல தங்கிக்கறேன்” என்றேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் இந்தப் புத்திதான் வரும். மல்லிகாக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரு கண்ணுலயும் படாம இரு” என்றாள்.

2

நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். வரவேற்பு மேசையில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி. என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் தமிழில் பதில் சொன்ன பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் நான் தமிழ், அவர் இங்கிலீஷ். பிறகு தானாகவே இறங்கி வந்தார்.

“ஃபாரின்காரங்கன்னா ஆன்லைன்ல ஏத்தணும் மேடம். போலீசுக்குத் தகவல் போவும். எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க. ஒகேனக்கல் பாக்க வர்ற ஒண்ணு ரெண்டு பேருதான்.”

“நான் இந்த ஊருதாங்க, பிடமனேரி.”

அவர் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“பிடமனேரின்னா அப்பறம் எதுக்குங்க லாட்ஜு?”

“இன்னிக்கி செவ்வாக்கெழம.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. உலகத்தில் வேறு எந்த லாட்ஜிலும் இந்தக் காரணம் செல்லாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே, “துக்கத்துக்குங்களா? யாருங்க?” என்றார்.

“அண்ணன்.”

“கூடப் பொறந்த அண்ணனுங்களா?”

“ஆமாங்க.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னவோ கேட்க வாயெடுத்து, வாடிக்கையாளரிடம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, சாவியை எடுத்து நீட்டிவிட்டார். “தேங்க்யூ” என்றேன். இந்த ஊரில் அதைக் கேட்டால் ஆட்கள் கொஞ்சம் பின்வாங்குகிறார்கள். எனக்கோ அது நிற்கமாட்டேன் என்கிறது. பஸ் கண்டக்டருக்குச் சொன்னேன், என் காலை மிதித்த அம்மாவுக்கு நானே “சாரி” சொன்னேன்.

அறையில் விசிறி சுற்றவில்லை. கீழே வந்து கேட்டேன்.

“இன்னிக்கி மாசாந்தரப் பராமரிப்புங்க மேடம். சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட்டு. ஜெனரேட்டரு லிப்டுக்கு மட்டுந்தாங்க.”

மேற்கு பார்த்த அறை. ஜன்னலைத் திறந்தால் அனல் வந்தது, மூடினால் அவிந்தது. குளித்துவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பினேன்.

3

கால் தானாகக் குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் பக்கம் போயிற்று. செவ்வாய்க்கிழமை துக்கத்துக்கு ஆகாது, முருகனுக்கு ஆகும். கோயில் வாசலில் பூக்கடைகளில் நல்ல வியாபாரம். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தது. நான் உள்ளே போகலாமா?

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் சாவில் மூன்று நாள் தீட்டு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கணக்கில் நான் எப்போதோ சுத்தமாகிவிட்டேன். அண்ணிக்கும் அண்ணன் மகள் கவிதாவுக்கும் ஒரு வருஷத்துக்குக் கோயில் கிடையாது. நியூசிலாந்துச் சட்டத்திலும் நெருங்கிய உறவு செத்தால் மூன்று நாள்தான் சம்பளத்தோடு லீவு. இரண்டு ஊரும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி எனக்கு மூன்று நாளை ஒதுக்கியிருந்தன. அந்த மூன்று நாளில் நான் துணி துவைத்தேன், குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தேன், நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டேன்.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். உள்ளே போகவில்லை. போகக்கூடாது என்று நினைத்தேனா, போகலாம் என்பது பிடிக்கவில்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு மேல் தெருக்கள் காலியாகிவிட்டன. கரண்ட் இல்லாத தருமபுரியை நான் இவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. மாவு மில் ஓடவில்லை, வெல்டிங் கடையில் பொறி பறக்கவில்லை, ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் பாதிக் கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. உள்ளே இருட்டில் ஆட்கள் அட்டையால் விசிறிக்கொள்வது மட்டும் தெரிந்தது. ஏ.டி.எம். வாசல் நிழலில் ஒரு மாடு படுத்திருந்தது. காசு எடுக்க வந்தவர் அதைத் தாண்டிப் போய், கரண்ட் இல்லை என்று தெரிந்து, மறுபடி தாண்டி வந்தார்.

கோட்டைக் கோயில் பக்கம் போய்விட்டு, அங்கிருந்து ராமாக்காள் ஏரி ரோட்டுக்கு வந்தபோது தாரில் செருப்பு ஒட்டியது. புங்க மரத்தடியில் ஒரு கம்மங்கூழ் வண்டி. கூழ் ஊற்றிய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த ஊருங்க?”

“சும்மா ஊர் பாக்க வந்தேங்க.”

“இந்த ஊர்லயா? இங்க என்னத்தப் பாப்பீங்க? ஒகேனக்கலுக்குப் போங்க, தீர்த்தமலைக்குப் போங்க. இந்த வெயில்ல ரோட்டயா பாக்கறது?”

நியாயமான கேள்விதான். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு இரண்டாவது சொம்பும் குடித்தேன்.

4

நடந்ததற்கு வெயில் ஒரு காரணம், அறை ஒரு காரணம். உண்மையான காரணம் பயம். அண்ணி என்னோடு பேசி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால் செய்கிற முறைகள் உண்டு. முதலில் ஜன்னலைத் திறப்போம். டாக்டர் வந்து போன பிறகு குடும்பத்துக்குத் தகவல். அப்புறம் கடையில் வாங்கி வைத்திருக்கிற அனுதாப அட்டையில் ஒன்றை எடுத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று வாசகம் எழுதுவது என் பொறுப்பு. ‘உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தங்கள். இந்த நேரத்தில் நீங்கள் மன உறுதியோடு இருக்க வேண்டுகிறோம்.’ எத்தனை அட்டை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் இறந்தபோது அதே பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுத்து எனக்கும் கொடுத்தார்கள். வாசகம் எழுத ஆளில்லாமல் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாவு வீட்டில் எப்படி எடுப்பார்கள்? எனவே வாட்ஸப்பில் எழுதினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் திகைத்தபோது, கை பழக்கத்தில் அந்த அட்டை வாசகத்தையே தமிழில் எழுதிவிட்டது. உங்கள் இழப்பு, ஆழ்ந்த வருத்தம், தைரியமாக இருங்கள், எல்லாமே. அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

அண்ணி அதைப் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் இல்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறு அழைத்தாலும் கவிதாதான் எடுத்தாள். “அம்மா தூங்கறாங்கத்தை”, “அம்மா கடைக்குப் போயிருக்காங்கத்தை.” கவிதா ஓசூரில் வேலை பார்க்கிற பெண், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போகிறவள், பொய் சொல்லிப் பழகாதவள். நான் வருகிற தேதியை அவளிடம்தான் சொன்னேன். “சொல்லிட்டேன்த்தை” என்றாள். அம்மா என்ன சொன்னாங்க என்றதற்கு, “ஒண்ணும் சொல்லலைத்தை.”

பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு இது தெரியும். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்பது அண்ணன் வீடு. அண்ணனும் போன பிறகு அது அண்ணி வீடு. அண்ணி கதவைத் திறந்தால்தான் உண்டு. திறக்காவிட்டால், தருமபுரி எனக்குப் பத்தோடு பதினொன்றாக ஓர் ஊர், அவ்வளவுதான். நாளைக் காலையில் அந்த முகத்தைப் பார்க்கப் போகிறேன், அதில் என்ன இருக்கும் என்று தெரியாது. அது தெரியாமல் ஓர் அறையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

5

மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆதி அழைத்தான். அங்கே அவனுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். அவனுக்குத் தமிழ் புரியும், பேசுவது இங்கிலீஷ்தான். நான் தமிழில் எழுதுகிறேன், இங்கிலீஷாக நினைத்துக்கொள்ளுங்கள்.

“அத்தையைப் பார்த்தாயா?”

“இல்லைடா. இன்று செவ்வாய்க்கிழமை. நாளைக்குத்தான்.”

“செவ்வாய்க்கிழமைக்கு என்ன?”

“துக்கம் கேட்கப் போகக்கூடாது.”

“துக்கத்துக்கும் ஆபீஸ் நேரம் இருக்கிறதா அம்மா?” என்றான். கிண்டலில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் அத்தை என்றது அண்ணியை. அங்கே எல்லாப் பெண்களும் அவனுக்கு ஆன்ட்டி, அண்ணி ஒருவர்தான் அத்தை.

“எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறதுடா” என்றேன்.

“நீ ஏன் விசிட்டர் மாதிரி காத்திருக்கிறாய்? அவர் உன் அண்ணன்தானே?”

“உனக்கு இதெல்லாம் புரியாது” என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வயதுப் பையன், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவன், இவனுக்கு என்ன தெரியும் எங்கள் ஊர் வழக்கம் என்று கோபம். பரிமாறுகிறவர் ரசம் ஊற்ற வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஊற்றிவிட்டுப் போனார்.

சாப்பிட்ட பிறகு லாட்ஜுக்குப் போய்ப் படுப்பதாகத்தான் எண்ணம். ஆனால் பென்னாகரம் ரோட்டில் திரும்பிவிட்டேன். எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கடை பூட்டியிருக்கும், கரண்ட்டும் இல்லை, யாரும் இருக்கமாட்டார்கள். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தைத் தெருவில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம். பூட்டின கடையைப் பார்ப்பதற்குக் கிழமை பார்க்க வேண்டியதில்லை.

6

கடை திறந்திருந்தது.

அண்ணி கல்லாவில் உட்கார்ந்து, விதைப் பொட்டல அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடைப் பந்தலின் கீழ் நின்றேன். இளைத்துப்போயிருந்தார். பொட்டில்லாத நெற்றியை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் அவர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். துப்பட்டாவால் ஒன்றும் பிரயோஜனமில்லை. என் சின்ன வயதிலிருந்து அவர் பார்த்த உடம்பு.

ரோட்டைக் கடந்து போனேன். கல்லாவுக்கு வெளியே, வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றேன்.

“எப்ப வந்த?”

“காத்தால அண்ணி.”

“பை எங்க?”

“லாட்ஜ்ல.”

அவர் கையிலிருந்த அட்டை நின்றுவிட்டது.

“லாட்ஜ்லயா? வூட்டுச் சாவி பக்கத்தூட்லதான் இருக்குது. கவிதா சொன்னாளேன்னு காத்தால ஒனக்கும் சேத்துத்தான் ஒல வெச்சேன். ஆக்கி வெச்சது அப்பிடியே கெடக்குது.”

“இன்னிக்கி செவ்வாக்கெழம அண்ணி. நாளைக்கிக் காத்தால வூட்டுக்கு வரலாம்னு...”

“எதுக்கு?”

“துக்கம் கேக்க.”

“யாருகிட்ட?”

“ஒங்ககிட்டதான்.”

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“செத்தது யாரு வசந்தி?”

“அண்ணன்.”

“யாருக்கு அண்ணன்?”

நான் துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கினேன்.

“செவ்வா வெள்ளியெல்லாம் கேக்க வர்றவங்களுக்கு. அசலாருக்கு. சாவு வுழுந்த வூட்டு ஆளுங்க கெழம பாத்தா வூட்டுக்குள்ள போவாங்க? எங்கப்பா செத்தப்ப ஒங்கண்ணன் என்கிட்டத் துக்கம் கேட்டாரு, அது மொற. ஒன்னோட அண்ணன் செத்ததுக்கு நீ வந்து என்கிட்டக் கேப்பியா? அப்ப ஒன்கிட்ட யாரு கேக்கறது?”

காலையில் லாட்ஜ்காரர் பேனாவைக் கீழே வைத்தாரே, அவர் கேட்க வந்தது இதைத்தான். மெஸ்ஸில் ஆதி கேட்டதும் இதைத்தான். மல்லிகாக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் புரியவில்லை. அவளுக்கு மருமகளைப் பற்றிய கவலை. எனக்கு என்ன வந்தது? பதினெட்டு வருஷம் வெளியில் இருந்தவள், ஊர் வழக்கத்தில் ஒன்றும் தவறிவிடக்கூடாது என்று அளவுக்கு மேல் பிடித்துக்கொண்டேன். வழக்கத்தில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை மறந்துபோனேன்.

ஆனாலும் எனக்கும் ரோஷம் இருக்கிறது. “நீங்க ஒரு தடவ போன எடுத்திருந்தா இதெல்லாம் சொல்லியிருக்கலாமில்ல?” என்றேன்.

“எடுத்தா என்ன சொல்லியிருப்ப? தைரியமா இருங்கம்ப. நான் என்ன கரண்ட்டுக் கம்பமா, தைரியமா நிக்கறதுக்கு?” அண்ணி அட்டையைக் கல்லாவின் மேல் போட்டார். “பாஸ்போர்ட்டு சமாச்சாரம் கவிதா சொன்னா. நீ வர்லைன்னு எனக்குக் கோவமில்ல. பொறந்ததுலருந்து அவரப் பாத்தவ நீ ஒருத்திதான் மிச்சம். போன்ல ‘அய்யோ எங்கண்ணா’ன்னு கத்துவ, நானும் சேந்து கத்தலாம்னு அன்னிக்கிப் பூரா பாத்துக்கிட்டு இருந்தேன். நீ என்னமோ எழுதி அனுப்பிச்ச. ஒங்கள் இழப்புன்னு. நம்ம கடைக்குப் பூச்சிமருந்து போடற கம்பெனிக்காரனும் அதேதான் அனுப்பியிருந்தான். ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு.”

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. தெருவில் யாருமில்லை. ஒரு ஆட்டோ டிரைவர் பின் சீட்டில் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். “தப்பா அனுப்பிட்டேன் அண்ணி” என்றேன். அவர் கல்லாவின் பக்கப் பலகையைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து உள்ளே போனேன். நீளமான ஒரே பெஞ்சு. அண்ணி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூச்சிமருந்து வாசனை தலைக்கு ஏறியது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரு வேறு மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பென்னாகரம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு அம்மா வந்தார். துணிப்பை, வியர்வையில் நனைந்த ரவிக்கை, வெயிலில் கறுத்த முகம்.

“பந்தலுக்குப் பீக்கங்கா வெத வேணுங்க. போன வாட்டி குடுத்த அதே ரகம்.” சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். “இவங்க யாருங்க?”

“அவரு தங்கச்சி” என்றார் அண்ணி, விதையைத் தேடிக்கொண்டே. “கூடப் பொறந்தவ. நியூசிலாந்துல இருக்கறா. இன்னிக்கித்தான் வந்தா.”

அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். முந்தானையால் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். சொரசொரப்பான, சூடான கை.

“அண்ணன் போயிட்டாரேம்மா” என்றார். “இப்பிடி அண்ணன விட்டுட்டு நிக்கறியேம்மா.”

பொங்கல் கழிந்த வாரத்திலிருந்து அந்த நாள்வரை யாரும் என் கையைப் பிடித்து அதைச் சொல்லவில்லை. வேலை இடத்தில் அட்டை கொடுத்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் போனில் விசாரித்தார்கள். கணவர் டீ போட்டுக் கொடுத்தார். எல்லோரும் நல்லவர்கள்தான். பெயர் தெரியாத ஒரு அம்மா, விதை வாங்க வந்த இடத்தில், கையைப் பிடித்த பிடியில் எனக்குள் என்னவோ விட்டுப்போயிற்று. “அண்ணா” என்று நான் கத்தியது எதிர்ப்பந்தல் வரைக்கும் கேட்டிருக்கும். ஆட்டோக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி என் தோளைக் கட்டிக்கொண்டார். அவர் உடம்பு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே குரலில் அழுதோம். அந்த அம்மாவும் எங்களோடு அழுதார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அந்த அம்மா மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்து, விதைப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைக்கு வந்தவர்கள் கிளம்பும்போது “போயிட்டு வர்றேங்க” என்பார்கள். துக்கத்துக்கு வந்தவர் அதைச் சொல்லக்கூடாது. அவர் அண்ணியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெயிலில் இறங்கி நடந்து போனார்.